நாங்கள் பார்க்காத காடா? பொரஸ்ற் படிக்க நினைக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் வீடு, உயர்தரத்தில் உயிரியல், கம்பஸ் வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி போதாமல் போய்விட்டது, வனத் தொழில்நுட்பம் என்று இரண்டு வருட டிப்ளோமா இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசை வந்திருக்கிறது. அங்கே என்னதான் படிப்பிப்பார்கள், கணக்கு கடுமையா, பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். "நாங்கள் பார்க்காத காடா, அதைப் பார்க்க ஒரு படிப்பா" என்று அப்பா சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் அந்தப் படிப்பை முடித்துப் பதினாறு வருடமாக வெளிக்கள வேலையில் இருக்கிறேன், பெரும்பகுதி வன்னிக்குள்தான். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அப்பா சொல்வதை முதலில் எடுப்போம், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, விண்ணாங்கு, பனிச்சை எல்லாம் அவர் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். கல்லூரியில் முதல் ஆறு மாதம் நாங்கள் திணறித் திணறிப் படித்ததே இதைத்தான்: கருங்காலியின் பட்டை கரி பூசியதுபோல் இருக்கும், வீரையின் அடிமரம் உருண்டையாக வராமல் முறுக்கிப் பள்ளம் பள்ளமாக ஓடும், பாலையின் பட்டை ஆழமாக வெடித்திருக்கும், கீறினால் பால் வரும். கோடையில் பாலைப்பழம் சாப்பிட்டு உதடு ஒட்டிப்போன பிள்ளைக்கு அந்தப் பாலைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நகரத்திலிருந்து வந்த எங்கள் பட்ச் பிள்ளைகளைவிட அந்த விஷயத்தில் நான் முன்னுக்கு நின்றேன், நீங்களும் நிற்பீர்கள்.

ஆனால் அப்பா செய்யாத ஒன்று இருக்கிறது. அவர் பார்த்ததை எழுதிவைக்கவில்லை. எத்தனை பாலை, எவ்வளவு பருமன், எந்த இடத்தில், எந்தத் திகதியில் என்று எழுதி, அதே தாளைக் கையில் கொண்டு பத்து வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து அதே மரத்தின் அடியில் நிற்கக்கூடிய மாதிரிச் செய்வதுதான் இந்தத் தொழில். மற்றது எல்லாம் இதற்குத் துணை. பெயர்ப் பிரச்சினையும் இதனால்தான் வருகிறது. கருங்காலி என்றால் எங்களுக்கு ஒரு மரம், சிங்களத்தில் களுவர என்பார்கள், தமிழ்நாட்டில் அதே பெயரால் முள்ளுள்ள வேறொரு மரத்தையும் சொல்கிறார்கள். அதனால்தான் கருங்காலிக்கு டயோஸ்பைரோஸ் எபெனம், பாலைக்கு மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா என்று வாய்க்குள் நுழையாத பெயர்களைப் பாடமாக்க வைக்கிறார்கள். அது பந்தாவுக்கு இல்லை, உங்கள் தாளை நுவரெலியாவில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும்.

சரி, கணக்கு. சாதாரண தரத்தில் திரிகோண கணிதம் விளங்கிப் படித்திருந்தால் போதும், உண்மையாகச் சொல்கிறேன். மரத்தின் பருமனை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில் அளப்பார்கள். உலகம் முழுக்க வனவியல் படித்த பெரும்பாலானவர்கள் அந்த உயரத்தில்தான் நாடா சுற்றுகிறார்கள். உயரத்துக்கு ஏற்றக்கோணம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று தருவார்கள். மரத்திலிருந்து 20 மீற்றர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறீர்கள், 35 பாகை காட்டுகிறது, தான்சன் 0.70, ஆகவே கண் மட்டத்துக்கு மேலே 14 மீற்றர். அடியைப் பார்க்கிறீர்கள், கீழே 4 பாகை, அது 1.4 மீற்றர். கூட்டினால் 15.4. அவ்வளவுதான். கஷ்டம் கணக்கில் இல்லை. வீரையும் பாலையும் கிளை கோத்து நிற்கும் காட்டுக்குள் எது எந்த மரத்தின் உச்சி என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

நாடா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விட்டம் அளக்கும் நாடாவில் ஒரு பக்கம் சாதாரண சென்ரிமீற்றர், மறுபக்கம் பை என்ற 3.14ஆல் பிரித்த அளவு, அதனால் மரத்தைச் சுற்றினால் விட்டமே நேரடியாக வரும். முதல் வருடத்தில் ஒரு முழு நாள் நான் நாடாவைத் திருப்பிப் பிடித்துச் சுற்றளவை எல்லாம் விட்டம் என்று எழுதிவிட்டேன். சுற்றளவு விட்டத்தைப் போல் 3.14 மடங்கு, குறுக்குவெட்டுப் பரப்புக்கு அது வர்க்கமாகிறது, ஆக என்னுடைய காட்டில் இருந்ததைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு மரம் தாளில் நின்றது. நான்கு பேரின் ஒருநாள் உழைப்பு போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் முதல் மரத்தைச் சுற்றிய உடனே கண்ணால் பார்த்து "இது முப்பது சென்ரிமீற்றர் மரமா, தொண்ணூறா" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வேன். நீங்களும் அந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடியுங்கள்.

காட்டு மரம் முழுவதையும் யாரும் எண்ண முடியாது, அதனால் மாதிரிக் கூறு போடுவார்கள். 12.62 மீற்றர் ஆரையில் வட்டம் போட்டால் 500 சதுர மீற்றர், அதற்குள் இருப்பதை அளந்து 20ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேயருக்கு வரும். கனடாவில் 11.28 மீற்றர் ஆரையில் 400 சதுர மீற்றர் வட்டம் போடுவது வழக்கம், தத்துவம் ஒன்றேதான். இன்னொரு முறையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒஸ்திரிய நாட்டு வன அலுவலர் வால்ட்டர் பிற்றர்லிக் என்பவர் 1948இல் வெளியிட்டது. ஒரு சென்ரிமீற்றர் அகலமான மட்டை ஒன்றை எடுத்து, 50 சென்ரிமீற்றர் நூலைக் கட்டி, நூலின் மறுநுனியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். நெஞ்சு மட்டத்தில் மட்டையைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணுங்கள், ஒல்லியாகத் தெரிபவற்றை விட்டுவிடுங்கள். பதினெட்டு மரம் எண்ணினீர்களா, அந்த இடத்தில் ஹெக்டேயருக்கு 18 சதுர மீற்றர் அடிமரப் பரப்பு, அதாவது நெஞ்சு மட்டத்தில் மரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பு எல்லாம் கூட்டியது, இருக்கிறது. வட்டமும் தேவையில்லை, ஒரு மரத்தையும் தொடத் தேவையில்லை. பருத்த மரம் தூரத்தில் நின்றாலும் கணக்கில் வரும், ஒல்லி மரம் கிட்ட நின்றால்தான் வரும், இரண்டும் தாமாகவே சரிக்கட்டிக்கொள்ளும். முதல்முறை இதை விளங்கிக்கொண்ட அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

காட்டில் நிற்கும் மரத்தை விட்டுத் தறித்த மரத்துக்கு வந்தால் அங்கேயும் உங்கள் படிப்பு வேலைக்கு உதவும். மர ஆலைகளில் பழைய முறை ஒன்று உண்டு: நடுச் சுற்றளவை நான்கால் பிரித்து, வர்க்கம் எடுத்து, நீளத்தால் பெருக்குவது. நான்கு அடி சுற்றளவு, பத்து அடி நீளம் என்றால் அந்த முறையில் 10 கன அடி. உருளைக் கணக்கில் அதே குற்றி 12.73 கன அடி. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அரியும்போது போகும் கழிவை முன்கூட்டியே தள்ளிப் பார்க்கும் முறை அது, களவு என்று சொல்ல முடியாது; ஆனால் விற்பவரும் வாங்குபவரும் எந்த முறையில் கதைக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் ஏழைக் குடும்பம் ஒன்று வளவில் நின்ற தேக்கைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடும். வன்னியில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: சண்டைக் காலத்தில் மரத்துக்குள் போன ஷெல் துண்டு. வெளியே பட்டை மூடி ஆறிவிட்டிருக்கும், வாள் பட்டால் பல் உடையும். பட்டையில் பழைய காயத் தழும்பைக் கண்டுபிடிக்க எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது, அதை ஊரில்தான் கற்றுக்கொண்டேன்.

நாற்றுமேடை, நடுகை, தீத்தடுப்பு, சட்டம், மண், வரைபடம் என்று மற்றப் பாடங்களும் உண்டு. தேக்கு நாற்றை ஒரு வருடம் வளர்த்துப் பிடுங்கி, வேரில் ஒரு சாண் அளவும் தண்டில் இரண்டு மூன்று சென்ரிமீற்றரும் மட்டும் விட்டு வெட்டிவிடுவார்கள், பார்த்தால் விறகுக் குச்சி. மாரி மழை தொடங்க அதை நட்டால் துளிர்க்கும். முதல் தடவை செய்யும்போது கொலை செய்வதுபோல் இருந்தது. சட்டத்தில் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், மரம் ஏற்றும் அனுமதிப்பத்திரமும், பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டமும் வரும். இயற்கைக் காட்டில் மரம் தறிப்பதை 1990இலேயே நிறுத்திவிட்டார்கள் என்பதால் இங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தரின் வேலை பெரும்பாலும் அளவெடுப்பு, பாதுகாப்பு, தேக்கு போன்ற நடுகைக் காடுகள். சோளகம் அடிக்கும் மாதங்களில் தேக்கஞ்சருகு தீப்பிடித்தால் ஓட்டம் தாங்காது, அதற்கு முன்னமே தீக்கோட்டை, அதாவது தீ தாண்டாதபடி விடும் வெற்றுநிலப் பட்டையை, துப்புரவாக்கி வைத்திருக்க வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் பாதிக்கு மேல் காடு. அந்தக் காடு எல்லாம் ஒரே வயதுக் காடு இல்லை. 1990களில் ஒருமுறை, 2008, 2009இல் இன்னொருமுறை சனம் விட்டுவிட்டு ஓடிய வயலும் வளவும் சேனையும் ஆளில்லாமல் கிடந்து பற்றை ஏறி, பிறகு மரம் ஏறி, மேலிருந்து எடுத்த படத்தில் பச்சையாக நிற்கிறது. திரும்பி வந்தவர்கள் "இது எங்கள் காணி" என்கிறார்கள், வரைபடம் "இது காடு" என்கிறது, நடுவில் எல்லைக்கல் நிற்கிறது. இந்தப் பிரச்சினை இன்னும் ஓயவில்லை என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். அப்படியான இடத்துக்கு நாடாவோடும் ஜி.பி.எஸ். கருவியோடும் முதலில் போய் நிற்பது பெரிய அதிகாரி இல்லை, உங்களைப் போல டிப்ளோமா முடித்த பிள்ளை. நீங்கள் எழுதும் தாள்தான் மேலே போகும்.

அங்கே படித்த படிப்பு முழுக்க வேண்டும். பழைய காடு என்றால் பல வயது மரம் கலந்து நிற்கும், பெரிய பாலை, முதிரை, விழுந்து உக்கிய அடிமரம், அதன் நிழலில் இளங்கன்று. கைவிட்ட காணி என்றால் மரங்கள் கிட்டத்தட்ட ஒரே பருமனில் நெருக்கமாக நிற்கும், வெளிச்சம் விரும்பும் இனங்கள்தான் கூட, ஓரத்தில் நாயுண்ணி அடைத்திருக்கும். காலால் நிலத்தைத் தடவிப் பார்த்தால் வரம்பு தட்டுப்படும். தூர்ந்த கிணறு, வரிசையாய்ப் பூவரசு, வேலியாக நட்ட கிளுவை மரமாகிவிட்டது, ஒரு மாமரம், ஒரு புளி, இவை தாமாக வந்து அப்படி நிற்காது. இதையெல்லாம் கூறுத்தாளின் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும். தாளில் அதற்கு ஒரு சின்னக் கட்டம்தான் இருக்கும், பலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள், நீங்கள் பின்பக்கத்திலாவது எழுதுங்கள். காட்டுக்கு எதிராக எழுதச் சொல்லவில்லை. உண்மையான பழங்காட்டைச் சேனைக்காக வெட்டிவிட்டு "அப்பப்பாவின் காணி" என்று சொல்ல வருபவர்களும் உண்டு, அங்கேயும் கண்டதைத்தான் எழுத வேண்டும். காடு போனால் குளத்துக்கு வரும் தண்ணீர் மண்ணோடு வரும், முத்தையன்கட்டுக்கும் இரணைமடுவுக்கும் மேலே காடு நிற்பதால்தான் கீழே வயல் விளைகிறது.

ஜி.பி.எஸ்.ஸிலும் கவனம். கருவி வழக்கமாக டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது ஆள்கூற்று முறையில் காட்டும், எங்கள் நாட்டுப் பழைய நிலஅளவைப் படங்களோ கந்தவல என்ற உள்நாட்டு அடிப்படையில் போட்டவை. இரண்டையும் மாற்றாமல் ஒரே தாளில் கலந்தால் புள்ளி இடம் தள்ளிப் போய் விழும். கல்லூரிப் பயிற்சியில் அது ஒரு பிழை, ஐந்து புள்ளி குறையும். இங்கே அது ஒருவரின் அரை ஏக்கர். அதனால் எந்த அமைப்பில் எடுத்தேன் என்பதை ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதாமல் நான் எழும்புவதில்லை.

பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவருமா என்ற கேள்விக்கு நேரே பதில்: சரிவரும். எங்கள் பட்சில் நாங்கள் ஐந்து பேர், ஐவரும் முடித்தோம். உடம்பு பலத்தைவிடப் பொறுமையும் தண்ணீர்ப் போத்தலும்தான் முக்கியம். வீட்டார் பயப்படுவது காட்டுக்குத்தான் என்றால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது ஆண் பிள்ளைக்கும் அதே காடுதான். தனியே போவதில்லை, இது முதல் சட்டம். யானைத்தடம் ஈரமாக இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. பாலைப்பழக் காலத்தில் கரடி அந்த மரத்தடியில்தான் நிற்கும், கதைத்துக்கொண்டே நடவுங்கள், திடீரென்று கண்டால்தான் அது பாயும். புடையனுக்கு முழங்கால் வரை மூடிய சப்பாத்து. மிதிவெடி பற்றி உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன்: இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது, ஆனாலும் துப்புரவாக்கி ஒப்படைத்த இடமா என்று கிராம சேவகரிடமும் ஊராரிடமும் கேட்காமல் பாதையை விட்டு இறங்கக் கூடாது. வரைபடத்தில் எழுமாறாக விழுந்த கூறு அப்படியான இடத்தில் இருந்தால் அதை விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்று எழுதுங்கள். போகாமல் போனதாக எழுதுவது மட்டும் வேண்டாம். மர நிழலில் இருந்துகொண்டு பத்து மரத்தின் அளவைக் கற்பனையில் எழுதுவது சுலபம், வெயிலுக்குள் எல்லோருக்கும் ஒருநாள் அந்த ஆசை வரும்.

எங்கே படிப்பது? வனவளத் திணைக்களத்தின் கீழ் இருக்கும் இலங்கை வனவியல் நிறுவனம் நுவரெலியாவில் இருக்கிறது, தொழில்நுட்ப மட்டத்துக்கு நாட்டில் முக்கியமான இடம் அதுதான். திணைக்களப் பதவிகளுக்கான அழைப்பு வர்த்தமானியில் வரும், வெள்ளிக்கிழமைகளில் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள், தகைமையை அந்த அறிவித்தலில் உள்ளபடியே எடுங்கள், பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உயர்தரத்தில் எந்தப் பாடங்கள், ஆங்கிலம், கணிதம், வயது எல்லை, உயரம் வரைக்கும் கேட்பார்கள். வன்னிப் பிள்ளைக்கு நுவரெலியாக் குளிர் சரியான கஷ்டம், இரண்டு கம்பளி கொண்டுபோங்கள். அங்கே வரிசையாக நிற்கும் பைனஸ் காட்டில் அளவெடுத்துப் பழகிவிட்டு இங்கே வந்து கலப்புக் காட்டுக்குள் நுழைந்தால் முதல் மாதம் தலை சுற்றும், அது எல்லோருக்கும் நடப்பது.

வனஜீவராசிகள் பக்கம் விருப்பம் என்றால் அந்தத் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் கிரித்தலையில். பட்டம்தான் வேண்டும் என்று பிறகு தோன்றினால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத்துக்கென ஒரு துறையே உண்டு. வீட்டுக்குக் கிட்ட, பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது. கனடாவில் மாமா இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இரண்டு வருட டிப்ளோமாதான் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு, நான்கு வருடப் பட்டம் வேறு பதவிக்கு. ஒன்ராறியோவில் சூ கல்லூரி, நியூ பிரன்சுவிக்கின் பிரெடரிக்டனில் 1946இல் தொடங்கிய வனத் தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை அந்தப் படிப்புக்குப் பெயர் எடுத்தவை. ஊசியிலைக் காடு, பனி, காட்டுத்தீ, தறிப்புத் திட்டம் என்று படிப்பின் நிறம் வேறு. வெளிநாட்டு மாணவருக்கான செலவு பெரியது, மரம் மேல் ஆசை இருந்தால் மட்டும் போங்கள், விசாவுக்காக இந்தப் படிப்பை எடுத்தவர்கள் முதல் மாரியிலேயே களைத்துப் போனதைக் கண்டிருக்கிறேன்.

சிங்களம் படியுங்கள். அரச சேவையில் சேர்ந்தால் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டத்தான் வேண்டும். அதைவிட, எல்லைக் கூட்டத்தில் ஊரவர் தமிழில் சொல்வதை மேலதிகாரிக்குச் சரியாக எடுத்துச் சொல்ல அறைக்குள் ஒருவராவது இருக்க வேண்டும். பல கூட்டங்களில் அந்த ஒருவராக நான் இருந்திருக்கிறேன், சொல் ஒன்று மாறினால் என்ன நடக்கும் என்று பார்த்தும் இருக்கிறேன்.

வர்த்தமானி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். வீதியில் நாடா பிடித்து 100 மீற்றர் குறித்து, வழக்கமான நடையில் எத்தனை காலடி என்று ஐந்து தடவை எண்ணிச் சராசரி எடுங்கள், அந்த எண் வாழ்நாள் முழுக்க உதவும். ஒரு சென்ரிமீற்றர் மட்டையும் அரை மீற்றர் நூலும் செய்யுங்கள். பிறகு ஒரு காலை நேரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் உள்ள தேக்கங்காட்டுக்குப் போய்ச் சுற்றி எண்ணுங்கள், அதே இடத்தில் அவரையும் எண்ண விடுங்கள், இரண்டு கணக்கும் எவ்வளவு கிட்ட வருகிறது என்று பாருங்கள். வரும் வழியில் அவர் சொல்லும் மரப்பெயர்களை அவர் வாயில் வருகிறபடியே கொப்பியில் எழுதுங்கள், விஞ்ஞானப் பெயருக்கு பக்கத்தில் ஒரு நிரலை வெறுமையாக விட்டுவையுங்கள். கல்லூரிக்குப் போனபின் அதை நிரப்பலாம்.